பதினேழும் இருபத்தைந்தும்

போன சனிக்கிழமை எங்கள் குவார்ட்டர்சில் சின்ன டிஷ் பூட்ட ஒருவர் வந்திருந்தார். ஏணியைச் சுவரில் சாய்ப்பதற்கு முன்னால் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்து, "மிஸ், இதுல எதைப் போடட்டும்?" என்றார். எல்.என்.பி. என்று சொல்வார்களே, டிஷ்ஷின் முகத்துக்கு எதிரே கம்பி முனையில் நீட்டிக்கொண்டு நிற்கும் முண்டு, அதுதான். வானத்திலிருந்து வருவதை முதலில் வாங்குவது அது. வாங்கி, டீவிக்கு விளங்குகிற மாதிரி மாற்றி, வயரில் இறக்கிவிடும். இரண்டு பெட்டியிலும் இரண்டு வேறு எண்கள். நான் பெட்டிகளைத் தொடவில்லை. எது நல்லது என்று உங்களுக்குப் படுகிறதோ அதையே போடுங்கள் என்றேன். டீச்சர்மார் வீட்டில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் ஏணியில் ஏறியதே இல்லையாம். சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைப் பிரித்தார்.

உள்ளேயிருந்து ரெஜிபோம் வாசனை வந்தது. சாமான் உடையாமலிருக்கச் சுற்றி வைப்பார்களே, அந்த வெள்ளைத் தக்கை. அதற்கென்று ஒரு மணம் உண்டு. புதுச் செருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். உங்களுக்கு அது புது டீவியையோ புது மின்விசிறியையோ ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது றக்வான மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும், மழையையும், அம்மா கட்டியிருந்த மஞ்சள் சேலையையும் கொண்டுவந்து நிறுத்தியது. ஆறு வருஷம் ஆகிறது. இதை நான் வெளியாருக்கு முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பத்துக் காம்பரா. காம்பராவுக்கு ஒரு குடும்பம். எதிரே ஒரு துண்டு வாசல், அதைத் தாண்டினால் தேயிலை, அதற்குக் கீழே பள்ளம், பள்ளம் நிறையப் பனி. அந்தப் பத்துக் காம்பராவிலும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. மருந்துச் சீட்டு, தொழிற்சங்கக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, சோப்பு உறையின் பின்பக்கம், எல்லாம் என் கைக்கு வரும். வாசித்து அர்த்தம் சொல்வேன். அர்த்தம் தெரியாவிட்டாலும் சொல்வேன். ஒருமுறை இருமல் மருந்துப் போத்தலில் இருந்த பெரிய சொல் ஒன்றுக்கு நானே ஒரு கருத்து வைக்க, அதைக் கேட்டு ஒரு வீட்டில் மூன்று நாள் தயிர் தொடவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு அந்த வயதில் எனக்கு வாய் வராது.

கடிதங்களும் நான்தான். மாதத்துக்கு ஒன்றோ, இரண்டு மாதத்துக்கு ஒன்றோ, இந்தியாவிலிருந்து நீலக் கடதாசியில் வரும். அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா, நீலகிரியில் இருந்தார். இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு, அங்கே போக எழுதிக்கொடுத்த குடும்பத்தில் அவர் வாழ்க்கைப்பட்டிருந்தார். அப்பாவின் ஆட்கள் இங்கேயே இருக்க எழுதிக்கொடுத்தவர்கள். அவ்வளவுதான். அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம். பெரியம்மா புறப்பட்ட நாளில் அம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன். தலைமன்னார்க் கப்பல்வரை போக அம்மாவை விடவில்லை. றக்வான பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பிவிட்டு, மலை ஏறி வந்து அந்திக் கொழுந்து பறிக்கப் போனாராம். பெரியம்மாவுக்கும் எழுத வராது. அங்கே அவர் மகன் எழுதுவார், இங்கே நான் வாசிப்பேன். அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் இரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தோம்.

போட்டோ ஒன்று வந்திருந்தது. யாருடையதோ கல்யாணத்தில் எடுத்தது. பின்வரிசையில் பெரியம்மா. முகம் ஒரு பயற்றம் பருப்பு அளவு. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து, தள்ளிப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து பார்ப்பார். பிறகு, "இவதான்னு சொல்றாங்க" என்று உள்ளே வைத்துவிடுவார்.

அந்த வருஷம் கார்த்திகை மழைக்குள் ஒரு கடிதம் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிக்கிற டீவி ஆட்கள் பெரியம்மாவின் காலனிக்கு வந்திருந்தார்களாம். சிலோனில் கொழுந்து எடுக்கும்போது பாடின பாட்டுத் தெரிந்த பெண்கள் யார் என்று கேட்டார்களாம். எல்லோரும் பெரியம்மாவை முன்னால் தள்ளிவிட்டார்களாம். ஒரு முழுப் பாட்டையும் அவர் தனியாகப் பாடினார், அது இன்ன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு இன்ன சேனலில் வரும், தங்கச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. கடிதம் வந்து சேரவே மூன்று கிழமை ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை, "அந்த மணி எழுதியிருக்கிற எடத்த மட்டும் வாசி பாப்பா" என்றார்.

லயத்தில் டிஷ் இருந்தது. தங்கராசு மாமாவுடையது. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. ஃபெக்டரியில் இலை காய வைக்கும் அடுப்பில் வேலை, நாலாவது காம்பரா, வாயைத் திறந்தால் கேலி. ஆறடி அகலக் கம்பிவலை டிஷ் ஒன்றை றக்வான கடைக்காரர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி வாசலில் நட்டிருந்தார். இந்த நாட்டில் அந்தப் பெரிய டிஷ்கள் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். சாட்டிலைட் நேர் மேலே இருக்கிறது. மழைத்தண்ணீர் வலையால் ஒழுகிப் போகும், தேயிலைச் சருகு தங்கும், காகம் குந்தும். எல்லா வீட்டுக்கும் பார்க்கக் கொடுப்பார் மாமா. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் விழுந்த இடியில் எல்.என்.பி. கருகிப் போயிருந்தது. டிஷ் இருந்தது, ரிசீவர் இருந்தது, நடுவில் அது மட்டும் இல்லை.

அதை நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று அப்பா போய்ச் சொன்னார். மாமா என்னைக் காட்டி, "டீச்சரம்மாவயும் கூட்டிட்டுப் போ அண்ணே. பெட்டியில எழுதியிருக்கிறத வாசிச்சுப் பாத்து எடுக்கட்டும். நம்ம போனா மாட்டுக்குக் கட்டுற மணியக் குடுத்து அனுப்பிருவானுங்க" என்றார். நான் அப்போது டீச்சர் இல்லை. அவர் அப்படிக் கூப்பிட்டது எனக்குக் கசக்கவும் இல்லை.

இரத்தினபுரிக்கு விடியற்காலை பஸ். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டும். அது சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம், வழியில் சோதனைச் சாவடிகள் இல்லை. இருந்தாலும் அப்பா அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். பழக்கம் போகவில்லை.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான சந்தில் இருந்தது. சுவர் நிறைய வயர்ச்சுருள்கள். ரெஜிபோம் வாசனை அங்கேதான் முதலில் என் மூக்கில் ஏறியது. கடைக்காரர் ஐம்பது வயதிருக்கும் சிங்களவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். டிஷ் எத்தனை அடி, எந்தப் பக்கம், பனி வருமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவின் சிங்களம் அந்த ஊர்க்காரர் சிங்களம் மாதிரியே இருக்கும். ஆறடி, றக்வானவுக்கு மேலே, பனி பகலிலும் வரும் என்றார் அப்பா. கடைக்காரர் யோசித்துவிட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் பதினேழு என்று பெரிதாகப் போட்டிருந்தது. மற்றதில் இருபத்தைந்து. பதினேழை எங்கள் பக்கம் தள்ளினார். பதினேழுக்குத்தான் விலையும் கூடுதல்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்குக் கொழுந்து மடுவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம் அது. தராசு முள் இருபத்தைந்தில் நிற்கும். அம்மா முள்ளைப் பார்ப்பார், வரிசையில் நிற்கிற எல்லோரும் பார்ப்பார்கள். கணக்கப்பிள்ளை வாயால் சொல்லும்போது இருபத்திரண்டு என்பார். தண்ணீருக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று. வெயில் நாளிலும் தண்ணீருக்கு இரண்டு. யாராவது கேட்டால், ஈரக் கொழுந்து குறைத்து எழுதினால்தான் உங்களுக்கு நல்லது, ஃபெக்டரியில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று பதில் வரும். குறைந்த எண்தான் உனக்கு நல்லது என்று எங்களிடம் சொல்லப்படுவதைக் கேட்டே நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்திலோ கூடின புள்ளிதான் நல்ல புள்ளி என்று கற்றுக்கொண்டேன். அந்தக் கடையில் என் மூளைக்குள் இருந்தது இவ்வளவுதான்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இங்கிலீஷில் நிறைய இருந்தது. எழுத்துகள் தெரிந்தன, விஷயம் தெரியவில்லை. தெரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஏன் குறைந்ததைத் தருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன்.

"அடு எக்க தமய் ஹொந்த, நங்கி" என்றார் அவர். குறைந்ததுதான் நல்லது, தங்கச்சி.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதே வசனம். மடுவத்திலிருந்து இறங்கி இரத்தினபுரிவரை பின்னாலேயே வந்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்ததும் குறைந்ததைக் கூடின விலைக்குத் தலையில் கட்டுகிறார் என்று முடிவு செய்தேன். அவர் இன்னொரு தடவையும் பொறுமையாக ஏதோ விளக்கினார். சத்தம், சத்தம் என்று ஒரு சொல் வந்தது. நான் கேட்கிற நிலையில் இல்லை. இருபத்தைந்தை எடுத்து என் முன்னால் வைத்தேன்.

அப்பா மெதுவாக, தமிழில், "அவரு சொல்றதயே எடுப்பமே பாப்பா. அவருக்குத் தெரிஞ்ச தொழிலு" என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. வாசிக்கத் தெரிஞ்சது எனக்கா உங்களுக்கா?"

கடைக்காரருக்குத் தமிழ் விளங்கியிருக்காது. அப்பாவின் முகம் விளங்கியிருக்கும். அப்பா கையைத் துடைத்துக்கொண்டார், அதில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பிறகு அவரிடம் சிங்களத்தில், மகள் சொல்வதையே கொடுங்கள் என்றார். கடைக்காரர் இருபத்தைந்தைக் கட்டிக் கொடுத்தார். நாங்கள் படியிறங்கும்போது, சரிவராவிட்டால் பெட்டியோடு கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று சொன்னார். ஏமாற்றுகிறவர் இப்படிச் சொல்வாரா என்று நான் யோசித்திருக்கலாம்.

மாமா அன்றைக்கே பூட்டினார். நல்ல வெயில். அவர் டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, அவர் மனைவி கமலம் அத்தை உள்ளே டீவி முன்னால் இருந்து, "வருது, வருது... போயிருச்சு. நீங்க தொட்டதும் போயிருச்சு" என்று சொல்ல, "நான் தொட்டு வெளங்குனது ஒன்னுதான்டி, அது நீ" என்று அவர் திரும்பச் சொல்ல, வாசல் முழுக்கச் சிரிப்பு. ஒரு கட்டத்தில் படம் வந்து நின்றது. அப்படி ஒரு படம். கழுவி வைத்த மாதிரி. நான் நிமிர்ந்து நின்று, கடைக்காரர் பதினேழைத்தான் தந்தார், நான்தான் இருபத்தைந்தைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏனென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கைக்காசு வேலை இருந்தது. லீவு நாளில் பறித்தால் அன்றைக்கே கையில் காசு என்பதால் யாரும் விடுவதில்லை. அம்மா போகவில்லை. எட்டு மணிக்கே தலை குளித்து, தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டார். டீவியில் இருந்து பெரியம்மா உங்களைப் பார்க்க மாட்டார் அம்மா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் கொசுவத்தைச் சரிபண்ணினார். பத்து மணிக்கே மாமா வீட்டில் போய் உட்கார்ந்தோம். கமலம் அத்தை பெஞ்சியில் அம்மாவுக்கு நடு இடம் கொடுத்திருந்தார்.

பத்தரைக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறத் தொடங்கியது. பிறகு மழை, சாய்வாக, சத்தமில்லாமல். படம் ஒருமுறை சிலிர்த்தது. நிகழ்ச்சி தொடங்கி, ஒரு மலையும் அதில் வரிசை வீடுகளும் தெரிந்தன. எங்கள் மலைதானோ என்று தோன்றியது. அறிவிப்பாளர் பெண் ஏதோ சொன்னாள், பாதியில் வாய் நின்றது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சேர்ந்தது. உடைந்தது. மாமா குடையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, டிஷ்ஷுக்கு நடுவில் கையை நீட்டி எல்.என்.பி.க்குக் குடை பிடித்தார். அப்பா கொழுந்துப் படங்குச் சாக்கைக் கொண்டுபோய் அதன்மேல் போர்த்தினார். இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு ஒரு இரும்புத் துண்டை நனையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நாலைந்து பெண்கள் தெரிந்தார்கள். ஒருவர் முன்னால் வந்தார். பாட்டுத் தொடங்கியது, ஒரு வரி முழுதாக, அடுத்த வரியில் பாதி. அம்மா பெஞ்சியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த நேரம் படம் உறைந்தது. சத்தமும் போனது.

உறைந்த படத்தில் நெற்றியிலிருந்து மோவாய்வரை நிறக் கட்டங்கள். நீலச் சேலையின் தோள் தெரிந்தது. ஒரு காது தெளிவாகத் தெரிந்தது, தோட்டோடு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. அம்மா டீவிக்குக் கிட்டப் போய் நின்றார். யாரும் மறைக்கிறது என்று சொல்லவில்லை.

"காது அக்கா காதுதான்" என்றார்.

நாங்கள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு பாட்டு முடிகிற நேரம்தான் இருக்கும். பிறகு திடீரென்று படம் அசைந்து, கழுவி வைத்த மாதிரித் தெளிவாக, ஒரு சோப்பு விளம்பரம் வந்தது.

நனைந்த மாமா உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். போன சாமானில் இதைவிட மோசமான பனியிலும் பார்த்தோமே, இது ஏதோ மட்டமான சாமான், யார் எடுத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வாசலில் நின்ற அப்பா சொன்னார்.

"கடக்காரன் எடுத்துக் குடுத்ததத்தான் கொண்டாந்தோம்."

என் பக்கம் திரும்பவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான், மாமா தொடங்கிவிட்டார். தோட்டத்து ஆள் என்றதும் ஏமாற்றிவிட்டான் பார் என்றார். கமலம் அத்தை தன் பங்குக்கு அந்த மனிதரின் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டினார். பின்னேரத்துக்குள் லயம் முழுக்க அந்தக் கதை. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். என்னுடைய படிப்புக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அப்பா அதை அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார். மாற்றித் தருகிறேன் என்று அவர் சொன்னாரே, போவோமா என்று நானும் கேட்கவில்லை. போனால் அவரைப் பார்க்க வேண்டி வரும்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மாவின் கடிதம் வந்தது. அன்றைக்கு அவர்கள் காலனியில் கரண்ட் இல்லையாம். யாருமே பார்க்கவில்லையாம். நான் எப்படி இருந்தேன், நல்லாப் பாடினேனா, கடைசியில் ஒரு இடத்தில் சொல் மறந்து சமாளித்தேன், அது தெரிந்ததா, தங்கச்சியைக் கேட்டு எழுதவும் என்று இருந்தது. வாசித்து முடித்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது" என்றார். "நீலச் சேல நல்லா இருந்திச்சு. கொஞ்சம் மெலிஞ்சிட்ட. கொரலு அப்படியே இருக்கு. ஒரு எடத்துலயும் தடுமாறல, முழுசாப் பாத்தேன்னு எழுது."

எழுதினேன். என் எழுத்து அழகான எழுத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது.

அதற்கு அடுத்த வருஷம் இடி திரும்பவும் அந்த எல்.என்.பி.யைத் தின்றது. மாமா இந்த முறை என்னைக் கேட்காமல் எம்பிலிப்பிட்டிய பக்கம் போய் ஒன்று வாங்கி வந்தார். பெட்டியில் பதினேழு என்று இருந்தது. அதைப் பூட்டின பிறகு பனிக்குள்ளும் படம் நின்றது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டுபோய்த் தனியாக, அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். வானத்திலிருந்து வருவது மிகவும் மெல்லிய சங்கதி. அதை வாங்குகிற சாமான் தானும் கொஞ்சம் இரைச்சல் போடும். அந்த இரைச்சல் எவ்வளவு என்பதுதான் பெட்டியில் இருக்கிற எண். வெயில் நாளில் கொஞ்சம் இரைந்தாலும் பரவாயில்லை. பனியும் மழையும் சேர்ந்து, வருவது இன்னும் மெலிந்துபோனால், இரைகிற சாமானுக்கு அது கேட்காது. குறைந்த எண்தான் நல்லது. கடையில் அவர் சத்தம், சத்தம் என்று சொன்னது இதைத்தான். தாளில் என்ன இருக்கிறது என்று மாமா கேட்டார். ஈரம் படாமல் வைக்கச் சொல்லியிருக்கிறது என்றேன்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. உண்மையிலேயே டீச்சர் ஆனேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் பெரியம்மா போய்விட்டார். அவர் மகன் ஃபோனில் சொன்னார். அம்மா அன்று அழவில்லை. இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடப் போட்டிக்கு ஒரு கொழுந்துப் பாட்டு வேண்டும் என்று நான் வேறு ஒரு யோசனையில் கேட்டபோது, பெரியம்மா டீவியில் பாடிய அதே பாட்டை எடுத்தார். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரிக்கு வாய் திறந்தபடியே நின்றார். மிச்சம் அக்காவுக்குத்தான் தெரியும் என்றார். அப்போதுதான் அழுதார்.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன். கடையில் நடந்தது, பதினேழு, இருபத்தைந்து, அப்பாவை நான் பேசியது, தாளில் இருந்தது, எல்லாம். அப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தாளு மேல இந்த லயமே பழி போட்டுச்சே. அந்தாளுகிட்ட யாராச்சும் போய்ச் சொன்னீங்களா?"

வெளியேயிருந்து அப்பா, "நல்ல மனுசன். ரெண்டு தடவ சொன்னாரு" என்றார்.

அடுத்த சம்பள நாளுக்கே இரத்தினபுரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தச் சந்து இருந்தது. கடை இருந்த இடத்தில் ஃபோன் உறைகள் தொங்கின. சுவரில் என் தோள் உயரத்துக்கு வெள்ளம் வந்துபோன கோடு, அதன்மேல் புதுப் பூச்சு. உள்ளே இருந்த பெண்ணிடம் பழைய கடைக்காரரைப் பற்றிக் கேட்டேன். வெள்ளத்தில் சாமான் எல்லாம் போனதும் கடையை விட்டுவிட்டார், பிள்ளைகளிடம் போனார் என்று கேள்வி, எந்த ஊர் என்று தெரியாது என்றாள். பெயர் கேட்டேன். முதலாளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், பெயர் ஞாபகமில்லை என்றாள்.

சரி, லயத்திலாவது சொல்வோம் என்று வந்தேன். பத்துக் காம்பராவில் நாலு பூட்டிக் கிடக்கிறது. மாமாவும் கமலம் அத்தையும் மகனோடு வத்தளைக்குப் போய் இரண்டு வருஷம். பெரிய டிஷ்ஷைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அந்தப் பெஞ்சியில் எங்களோடு இருந்தவர்களில் ஒருத்தி குவைத்தில், இன்னொருத்தி கொழும்பில் வீட்டு வேலையில். இருக்கிற வீடுகளில் புதிதாக வாழ வந்த பெண்கள். கூரைக்குக் கூரை சின்ன டிஷ். நான் கதையைத் தொடங்கியதும், "எந்தக் கடைங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியாது.

பழி சொன்னவர்கள் அதையும் கட்டிக்கொண்டு போன ஊர்களில் எப்போதாவது பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும், இரத்தினபுரியில் ஒருத்தன் எங்களை ஏமாற்றினான் என்று. அவர்கள் கண்ணில் இது படுமா தெரியாது. பட்டாலும் படாவிட்டாலும் எழுதி வைக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த, பெயர் தெரியாத அந்த மனிதர் எங்களை ஏமாற்றவில்லை.